இடம் பார்த்த குதிரை

நாணயச் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் கூட்டத்திலேயே ஒரு புத்திமதி கிடைக்கும். காசைத் தேடி அலையாதீர்கள், முதலில் காசைப் பற்றிய புத்தகங்களை வாங்கிப் படியுங்கள் என்பார்கள். வந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு மறுநாள் காலையில் நேரே காசு விற்கிறவனிடம் போய் நிற்பார்கள். சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே ஆள் பல் டாக்டர்தான். அவரும் பாதிதான் கேட்டார். வாங்கினார். படித்தாரா என்பதில்தான் இவ்வளவு வில்லங்கமும்.

வீட்டின் முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு கதவு. புத்தகங்கள் ஆரம்பத்தில் எக்ஸ்ரே அறையில் ஒரே ஒரு அலமாரியோடு அடக்கமாகத்தான் இருந்தன. பிறகு நடுக்கதவைத் தாண்டி உள்ளே வந்தன. இடைவழியில் ஒரு சுவர் போயிற்று. கூடத்தில் இரண்டு சுவர் போயிற்று. படுக்கையறைப் பரணில் ஏலக் கம்பெனிகளின் பட்டியல்கள் ஏறிக்கொண்டன. கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் பழைய சஞ்சிகைகள். செப்புக்காசுகள் மூன்றாம் தொகுதி துணி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவே சொகுசாகப் படுத்திருந்தது. இவ்வளவு புத்தகத்துக்கும் அவரிடம் இருந்த காசுகளோ ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கிவிடும், மூடி கூடத் தளர்வாகத்தான் இருக்கும். சங்கத்தில் அவர் முகத்துக்கு நேரே 'டாக்டர்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'லைப்ரரி' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

டோக்கன் கொடுப்பது அவர் மனைவி. யாருக்கு எந்தப் பல், யார் ஊசியைக் கண்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியவர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பார்சல்காரனும் அவளிடம்தான் கையெழுத்து வாங்குவான். கையெழுத்தைப் போட்டுவிட்டு, உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் காதில் விழும்படியாகவே உள்ளே குரல் கொடுப்பாள்.

"என்னங்க, உங்க மூத்த சம்சாரம் வந்திருக்காங்க."

வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த வலியிலும் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு குதிரை. பழைய செம்புச் சாமான் விற்கிறவனிடம் ஒரு பிடி காசை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தபோது அதில் வந்து சேர்ந்தது. நகத்தளவு செப்புக்காசு. எப்போதோ இருந்து எப்போதோ அழிந்துபோன ஒரு சின்ன அரசு அடித்தது. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் நின்றுகொண்டிருக்கும் குதிரை. இந்தக் குதிரைக்காசு சங்கத்தில் எல்லோரிடமும் உண்டு, யாரும் அதைச் சீந்துவது கிடையாது. ஆனால் எல்லோருடைய குதிரையும் வலப்பக்கம் பார்த்து நிற்கும். டாக்டருடைய குதிரை இடப்பக்கம் பார்த்தது.

அன்றைக்கு அவர் நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்து வீட்டில் ஏதோ நெருப்புப் பிடித்துவிட்டது என்றே மனைவி நினைத்தாள். இடம் பார்த்த குதிரை, இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னார். அவள் காசை வாங்கிப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள்.

"இதாவது இடம் பார்க்குதே. இந்த வீட்டுல மனுஷங்க உக்கார இடம் பார்க்கத்தான் ஆளில்ல."

சங்கத்துப் பேச்சில் இந்த மாதிரிக் காசுக்கு 'இல்லை' என்று பெயர். எந்தப் புத்தகத்திலும் பதிவாகாத காசு என்று நீட்டி முழக்க யாருக்கும் பொறுமை கிடையாது. "எனக்கு ஒரு இல்லை கிடைச்சிருக்கு" என்பார்கள். கேட்கிற வெளியாள், இவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். ஆளுக்கு ஆள் இல்லை கிடைத்துவிட்டதாகச் சொல்வார்கள். அடுத்த கூட்டத்தில் எவனாவது ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டி மூக்கை உடைப்பான்.

டாக்டருக்கு மூக்கு உடைவதில் விருப்பமில்லை. உட்கார்ந்து யோசித்தார். ஒரு காசு 'இருக்கு' என்று சொல்ல ஒரு புத்தகம் போதும். 'இல்லை' என்று சொல்ல எல்லாப் புத்தகமும் வேண்டும். நியாயமான யோசனைதான். குடும்பஸ்தன் யோசிக்கக் கூடாத யோசனை.

அன்றைக்குப் பிடித்தது சனி. ஒவ்வொரு புத்தகமும் அவரை இன்னொரு புத்தகத்திடம் அனுப்பியது. குதிரைக்காசு என்று இரண்டு வரி எழுதிவிட்டு, விவரத்துக்கு முந்தைய நூலைக் காண்க என்று கை காட்டிவிடுவார்கள். முந்தைய நூலைத் தேடிப் பிடித்து வாங்கினால் அது அதற்கும் முந்தைய நூலைக் காட்டும். அரசு அலுவலகத்தில் ஜன்னல் ஜன்னலாக அலைய விடுவார்களே, அதே கதைதான். ஒரு தடவை ஆறு தொகுதியும் சேர்ந்த செட் என்று ஒன்று வந்தது. பிரித்தால் நான்காம் தொகுதி இரண்டு இருந்தது, ஐந்தாம் தொகுதி இல்லை. விற்றவனைக் கூப்பிட்டுக் கேட்டால், எண்ணிக்கை சரியாக இருக்கிறதல்லவா என்றான். இன்னொன்று மறுபதிப்பு. படங்களைப் பார்க்கலாம் என்று ஆசையாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், படங்களுக்கு மூலப் பதிப்பைப் பார்க்கவும் என்று ஒரு வரியோடு முடித்திருந்தார்கள். டாக்டர் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியக் கையை ஓங்கினார். அப்புறம் அட்டை மடங்கிவிடுமே என்று பயந்து மெதுவாக மேஜையில் வைத்தார். கோபத்தைக்கூட முழுசாகப் பட விடாத புத்தகம் அது. அதைவிட மோசம், படாத பாடு பட்டு ஒரு புத்தகத்தை வரவழைத்து அடுக்கப் போனால் அதே புத்தகம் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருக்கும்.

இதில் ஒரு விசித்திரம். மற்றவர்கள் தேடுவது கிடைக்க வேண்டும் என்று புத்தகம் வாங்குவார்கள். இவர் தேடுவது கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வாங்கினார். ஒவ்வொரு பார்சலையும் பிரிக்கும்போது பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருக்கும். குதிரை வலப்பக்கம் பார்க்கிற படத்தைக் கண்ட பிறகுதான் காபி இறங்கும்.

கடைசியில் எல்லாக் கைகாட்டியும் ஒரே இடத்தில் போய் முட்டின. சங்கத்தில் 'பெரிய புத்தகம்' என்று சொல்லப்படுகிற ஒன்று. எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுப் பண்டிதர் அவருடைய மொழியில் எழுதிக் கொஞ்சம் பிரதிகளே அச்சிட்டது. எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள், ஒருவரும் கண்ணால் கண்டது கிடையாது. குதிரைக்காசு இன்ன பக்கம், படம் எட்டு என்று பின்னால் வந்த மூன்று நூல்களாவது குறிப்பிட்டிருந்தன. டாக்டர் அதற்காக அலையாய் அலைந்தார். பழைய புத்தகக்காரர் ஒருவர், தேடுகிறேன் தேடுகிறேன் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்து, ஒரு நாள் துணியில் சுற்றி எடுத்துவந்து ஆனை விலை குதிரை விலை சொன்னார். டாக்டர் வாயைத் திறக்குமுன், இது பிரிக்காத பிரதி என்று ஒரு குண்டைப் போட்டார்.

அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, அப்படியே தைத்துவிடுவார்கள். மடிப்புகளை வாங்குகிறவன்தான் கத்தியால் கீறிப் பிரித்துக்கொள்ள வேண்டும். கீறாவிட்டால் இரண்டு இரண்டு பக்கங்கள் மேலேயும் ஓரத்திலும் ஒட்டி, கீழே மட்டும் திறந்த பை போல நிற்கும். இந்தப் பிரதியை வாங்கினவன் எவனும் கீறவே இல்லை. இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அதிசயம், கத்தி பட்டால் போயிற்று, அப்புறம் இது வெறும் பழைய புத்தகம் என்று எச்சரித்துவிட்டுப் போனார் புத்தகக்காரர். டாக்டர் அதைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் தனியாகக் குடிவைத்தார். சங்கத்து ஆட்கள் இதற்காகவே வீட்டுக்கு வந்தார்கள். தொடாமல் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். வயிற்றெரிச்சல் அவர்கள் முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். டாக்டருக்கு அதில் ஒரு சுகம்.

ஆனால் படம் எட்டைப் பார்த்தாக வேண்டுமே. கீறவும் கூடாது, பார்க்கவும் வேண்டும். மற்றவனாக இருந்தால் திண்டாடியிருப்பான். இவர் மேல்தாடையின் கடைசிப் பல்லைக் கண்ணாடியிலேயே பார்த்து, கண்ணாடியிலேயே குடைந்து, கண்ணாடியிலேயே அடைக்கிறவர். ஒரு மத்தியான நேரம், நோயாளிகள் இல்லாத சமயமாகப் பார்த்து, புத்தகத்தைச் சிகிச்சை நாற்காலியில் சாய்த்துவைத்து, விளக்கை மேலே இழுத்து, ஒட்டின பக்கங்களின் வாயை இரண்டு விரலால் அகட்டி, வாய் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். வட்டக் கண்ணாடியில் ஒரு கட்டை விரல் அளவுதான் தெரிந்தது. எழுத்து ஒரு இழவும் புரியவில்லை. அது நேராகப் பார்த்தாலே அவருக்குப் புரியாத மொழி. கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். 8 என்று ஒரு எண். அதற்குப் பக்கத்தில் குதிரை. வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

டாக்டர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய புத்தகத்திலும் இல்லை. அவருடைய குதிரை, இல்லைதான்.

இதற்கு ஏன் ஒரு மனுஷன் அழ வேண்டும் என்று கேட்கலாம். அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை ஜனங்களின் வாய்க்குள் இருந்தது. அழகாக அடைத்திருப்பார், நேர்த்தியாகக் கட்டியிருப்பார், யாரும் பார்க்கப் போவதில்லை. வலி போனதும் டாக்டரையும் மறந்துவிடுவார்கள். சங்கம் வருஷத்துக்கு ஒரு மலர் போடும். புதிய இல்லை ஒன்று அதில் உறுதியானால், அந்த வகைக்கே கண்டுபிடித்தவர் பெயரை வைத்துவிடுவார்கள். இனி குதிரைக்காசைப் பற்றி எழுதுகிறவன் எவனும் இவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஒரே ஒரு அச்சடித்த வரியில் தன் பெயர் நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அவ்வளவுதான். பேராசை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சங்கச் செயலாளர் ஒரு கணக்கு வாத்தியார். எதையும் படிப்படியாக எழுதிக் காட்டினால்தான் மதிப்பெண் போடுகிற ஜாதி. மலருக்காக டாக்டர் எழுதின கட்டுரையை வாங்கிப் படித்தார், நன்றாக இருக்கிறது என்றார், பெரிய புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால் நான் நம்புவேன், வாசிக்கிறவன் நம்ப மாட்டான் என்றார்.

டாக்டர் மறுபடியும் புத்தகத்தை நாற்காலியில் சாய்த்தார். ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் போன், பக்கத்தை அகட்டிப் பிடிக்க மூன்றாவது கைக்கு மனைவி. முதுகு பிடித்துக்கொண்டது. எடுத்த படங்களில் தேறியதாக ஒன்றை, குதிரை இருக்கிற துண்டை மட்டும் வெட்டி அனுப்பினார். செயலாளர் உடனே கூப்பிட்டார்.

"டாக்டர், இது யாரோட தொண்டை?"

இதை மலரில் போட்டால் சங்கத்தின் மானம் போய்விடும் என்றார். பேசாமல் பக்கத்தைக் கீறி நேராக ஒரு படம் எடுங்கள், வேறு வழியில்லை, அச்சகத்துக்காரன் உயிரை வாங்குகிறான் என்றார். பிரித்துவிட்டால் அது பிரிக்காத பிரதியாக இருக்காதே என்று டாக்டர் கரடியாய்க் கத்தினார். அப்படியானால் இல்லையும் இல்லையாக இருக்காது என்று செயலாளர் அமைதியாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த வாரம் டாக்டரிடம் வந்து வாயைத் திறந்தவர்கள் பாவம் செய்தவர்கள். அகலமாத் திறங்க, இன்னும் அகலமா என்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். ஒரு சமயம் கண்ணாடி அலமாரி முன்னால் போய் நிற்பார், ஒரு சமயம் பிஸ்கட் டப்பாவைத் திறந்து குதிரையைப் பார்ப்பார். இரண்டும் அவருடையவை. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொடுக்கச் சொன்னால் மனுஷனுக்கு ஆத்திரம் வருமா வராதா? யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. செயலாளர் கேட்டது நியாயம். புத்தகக்காரர் சொன்னதும் நியாயம். நியாயங்கள் எல்லாம் சேர்ந்து அவர் கழுத்தைப் பிடித்தன. வீட்டில் பரண் பட்டியல்கள் சரிந்து மனைவியின் தலையில் விழுந்தது அதே வாரத்தில்தான். அவள் தலையைத் தடவிக்கொண்டே அவற்றைத் திரும்ப அடுக்கினாள். பிறகு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. தொறந்து பார்க்கத்தானே புத்தகம் வாங்கறது?"

அதற்கு அவர் பிரதியின் அருமையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவர் முடித்ததும் அந்தக் கேள்வி அங்கேயே, அவர் முன்னால், அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளினிக் கதவில் விடுமுறைப் பலகையை மாட்டிவிட்டு, பல் கட்டுகிறதற்கு மெழுகு செதுக்குகிற கத்தியை எடுத்தார். மெல்லிய கத்தி, தாளுக்கு நோகாது. புத்தகத்தைச் சுத்தமான துணிமேல் வைத்தார். மனைவி துணைக்கு நின்றாள். கத்தியை மடிப்பில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். எத்தனையோ பேருடைய ஈறைக் கீறின கை. மேல் மடிப்பில் கத்தியை விட்டு மெதுவாக இழுத்தார். சர்ரென்று சத்தம் வந்தது. ஓரத்து மடிப்பையும் கீறினார். துகள் துகளாக உதிர்ந்த காகிதத்தை ஊதிவிட்டு, பக்கத்தை இரண்டாக விரித்தார்.

குதிரை இடப்பக்கம் பார்த்தது.

முதலில் பக்கம் மாறிப்போய்விட்டது என்றுதான் நினைத்தார். எண்ணைப் பார்த்தார். எட்டு. அச்சடித்தவன் இடம் வலம் மாற்றி அடித்துவிட்டானோ என்று பார்த்தார். பக்கத்திலேயே காசின் மறுபுறம் அச்சாகியிருந்தது, அதில் எழுத்துகள் அவருடைய காசில் இருக்கிறபடியே ஒழுங்காக இருந்தன. தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் சாய்த்துப் பிடித்தார். கண்ணாடிக்குள் குதிரை வலப்பக்கம் பார்த்தது. கண்ணாடியை எடுத்தார், இடப்பக்கம். பிடித்தார், வலப்பக்கம். கண்ணாடியில் தெரிகிற எட்டும் எட்டாகவே இருந்தது. அந்த ஒரு எண் ஏழாகவோ ஒன்பதாகவோ இருந்து தொலைத்திருந்தால் அன்றைக்கே திரும்பி நின்று காட்டிக் கொடுத்திருக்கும்.

தினம் தினம் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் பார்த்துப் பார்த்து, கை தானாகவே மாற்றிப் போட்டுக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டவர். கண்ணாடியில் பார்க்கிறோம் என்கிற நினைப்பே அவருக்கு எப்போதோ போய்விட்டது. வேறு எவனாவது இந்தப் பைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

போனை அந்தப் பக்கத்தின் மேல் காட்டினார். அது படத்துக்குக் கீழே இருந்த வரியை மொழிபெயர்த்துச் சொன்னது: நின்ற குதிரை, இடம் நோக்கி. தெளிவாக, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் எழுதிவைத்திருந்தார் அந்தப் பண்டிதர். பின்னால் வந்தவர்கள் இந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டினார்களே தவிர, ஒருவனும் இதைத் திறந்து பார்க்கவில்லை. டாக்டருக்கு அவர்கள் மேல் அடங்காத ஆத்திரம் வந்தது. திருட்டுப் பயல்கள் என்று வாய்விட்டே திட்டினார். பார்க்காமலே பார்த்ததாக எழுதியிருக்கிறான்கள் என்றார். சொல்லும்போதே, தன் கட்டுரையின் முதல் வரி நினைவுக்கு வந்தது. பெரிய புத்தகத்தை நேரில் ஆராய்ந்ததில், என்று ஆரம்பித்திருந்தார்.

என்ன ஆச்சு என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் மேலாவது கோபப்பட்டிருக்கலாம்.

"இப்ப யாருக்குத் தெரியும்?" என்றாள்.

யாருக்கும் தெரியாது. அதுதான் விஷயம். டாக்டர் அந்தப் பக்கத்தை நேராக ஒரு படம் எடுத்தார். நல்ல வெளிச்சம், பளிச்சென்று வந்தது. போனில் படத்தைத் திருப்புகிற பொத்தான் ஒன்று உண்டு. அதைத் தொட்டார். குதிரை வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. எழுத்து வருகிற இடங்களை வெட்டினார். குதிரையும் எட்டும் மட்டும் மிஞ்சின. அப்பழுக்கு இல்லாத அத்தாட்சி. இந்தப் புத்தகம் இன்னொருவரிடம் இல்லை. அனுப்பிவிட்டால் மலர் அச்சேறிவிடும், பெயரும் ஏறிவிடும். கட்டை விரல் போனின் மேலேயே நின்றது.

கூடத்துச் சுவர்களைப் பார்த்தார். இரண்டு நான்காம் தொகுதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. படம் இல்லாத மறுபதிப்பு நின்றது. ஒவ்வொன்றும் எவனோ ஒருவன் சரியாகப் பார்க்காமல் எழுதினதை நம்பி இவர் வாங்கினது. நாளைக்கு எங்கேயோ ஒரு பைத்தியக்காரன் கையில் ஒரு இடம் பார்த்த குதிரை கிடைக்கும். அவனும் புத்தகம் புத்தகமாக வாங்குவான், அவன் பெண்டாட்டி தலையிலும் பரண் சரியும். கடைசியில் அவன் இவருடைய வரியில் வந்து நிற்பான். தன்னை இத்தனை வருஷம் அலைக்கழித்தவர்களின் வரிசையில் தானும் போய் நிற்பதா என்று நினைத்ததும் அவருக்கு வாயெல்லாம் கசந்தது. படத்தை அழித்தார். போன் செய்தார்.

செயலாளர் எடுத்ததுமே, கீறியாகிவிட்டதா என்று கேட்டார்.

"கீறியாச்சு."

"சந்தோஷம். இல்லைதானே?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் உதிர்ந்த காகிதத் துகள்களைத் துணியோடு சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றார்.

இடம் பார்த்தா, என்று கேட்டார் செயலாளர். இடம் பார்த்துத்தான், படம் எட்டு, நான்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டேன் என்றார் டாக்டர். வாத்தியார் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. அப்படியென்றால் மலரில் ஒன்றரைப் பக்கம் காலியாகிறதே, அதற்கு என்ன போடுவது என்று யோசனையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். டாக்டரின் அத்தனை வருஷமும் அந்த ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கிப்போயிற்று.

காசும் போயிற்று, புத்தகமும் போயிற்று. காசு இப்போது ஊரில் எல்லோரிடமும் இருக்கிற மாதிரி ஒரு காசு, என்ன, வேறு பக்கம் பார்க்கிறது. புத்தகம் புத்தகக்காரர் சொன்ன மாதிரி வெறும் பழைய புத்தகம். டாக்டர் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் திரும்ப வைக்கவில்லை. மற்ற பக்கங்களைக் கீறவும் இல்லை. மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் டோக்கனில் ஒரு பெரிய மீசைக்காரர் வந்து உட்கார்ந்தார். மேல்தாடை, கடைவாய், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்றார். டாக்டர் விளக்கை இழுத்தார், கண்ணாடியை உள்ளே விட்டார், பல்லைப் பார்த்தார். நன்றாகத் தெரிந்தது. கறுப்பாக ஒரு ஓட்டை. ஊசியை எடுத்த கை பாதியில் நின்றது.

"எந்தப் பக்கம் வலி?" என்றார்.

வாயைத் திறந்து வைத்திருக்கிறவர் என்ன சொல்வார்? ஆ என்றார். டாக்டர் கண்ணாடியை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். இத்தனை வருஷத்தில் வராத சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடியைத் தட்டில் போட்டார். நாற்காலியை ஒரேயடியாகச் சாய்த்து, முழங்காலை மடித்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு, மீசைக்காரர் வாய்க்குள் நேராகவே எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, உள்ள எதையாவது போட்டுட்டீங்களா?" என்று டோக்கன் மேஜையிலிருந்து மனைவி பதறிப்போய்க் கேட்டாள்.